அக்காவுக்குத் தெரியாமல் குறைத்தது

திங்கள்

விடிந்ததிலிருந்து சாரல். அக்காவோடு கோம்பையிலிருந்து தேனிக்கு பஸ். டயாலிசிஸ், நான்கு மணி நேரம். அவள் வேலை பார்க்கும் பள்ளிக்கூடத்துக்கு லீவு நீட்டிப்பு எழுத வேண்டும். மறக்கக் கூடாது.

இடது கையில் ஊசி, வலது கையில் போன். பழைய மிருகச் சண்டை வீடியோ கேமைப் பிரித்து, எதிரிகளைக் கடினமாக்கி நான் செய்த பதிப்பைத்தான் ஆடுகிறாள். விதியும் என்னுடையது: சண்டையில் விழுந்த மிருகம் அழிந்துவிடும்; எல்லாம் அழிந்தால் ஆட்டம் முதலிலிருந்து. இன்று ஆட்டத்தின் கடைசி எதிரியான காவலனிடம் அவளுடைய ஆறு மிருகங்களில் மூன்று போய்விட்டன. பின்வாங்கினாள். கொஞ்ச நேரத்தில் பிரஷர் இறங்கி முகம் வெளுத்துவிட்டது. நர்ஸ் ஓடிவந்து கால்மாட்டை உயர்த்தினார்.

"டீச்சர், மொதல்ல அந்தப் போனைக் கீழ வையிங்க."

என்னால்தானோ?

செவ்வாய்

நான் வேலை பார்க்கும் செல்போன் கடையில் வேலை ஓடவில்லை. ஆட்டத்தில் காவலனின் தவளை வந்ததும் மழை. மழையில் அவன் மிருகங்களுக்கு இரட்டை வேகம். அக்காவிடம் மிச்சம்: கல் ஆமை, ஊசிவால் குருவி, அனல்பல்லி. வழியே இல்லை.

மதியம் வீட்டுக்கு வந்து, அவள் தூங்கும்போது அவள் போனை எடுத்தேன். காவலன் அணியின் உயிர் அளவைக் குறைத்தேன். திரையில் லெவல் அறுபது என்றுதான் காட்டும்.

வியாழன்

வெயில். மெஷினில் போட்டதும் ஆரம்பித்தாள். இரண்டாவது அடியில் நிறுத்திவிட்டாள்.

"ஏலே, திங்கக்கெழம மூணு அடி தாங்குச்சு இந்தத் தவளை. இன்னைக்கு ரெண்டுல சாஞ்சிருச்சு."

"அடி நல்லா விழுந்திருக்கும்க்கா."

"கணக்கு டீச்சர்கிட்டயா?"

மெஷின் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

"வீட்ல உப்பக் குறைக்கிறீக. தண்ணியக் குறைக்கிறீக. இதுலயும் குறைச்சிட்டியா? என்னைப் பாவம்னு பாக்காத ஒரே ஆளு அந்தக் காவலன்தான்டா."

போனை அணைத்துவிட்டாள். திரும்பும்போது பஸ்ஸில் வேறு சீட்டில் போய் உட்கார்ந்தாள்.

வெள்ளி

எல்லாம் பழையபடி மாற்றிவிட்டேன். சொன்னேன். வியாழக்கிழமைச் சண்டை கணக்கில் இல்லை என்றாள். சாயங்காலம் நோட்டில் ஏதோ கணக்குப் போட்டுக்கொண்டிருந்தாள்.

"மழை அஞ்சு சுத்துதான பெய்யும்?"

"ஆமா. ஆனா..."

"வாயத் திறக்காத."

ஞாயிறு

சர்ச் பூசைக்குப் போகும் வழியிலும் விரல் விட்டு எண்ணினாள்.

திங்கள்

சண்டை. குருவியைப் பலி கொடுத்து ஒரு சுற்று. ஆமையை ஓட்டுக்குள் ஒடுக்கி, வெளியே விட்டு, மறுபடி ஒடுக்கி நான்கு சுற்று. மழை நின்றது. ஆமை போனது. பல்லி இறங்கியதும் வெயில். ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு, ஐந்து என்று வரிசையாகச் சாய்த்தது. நர்ஸும் எட்டிப் பார்த்தார். காவலனின் ஆறாவது மிருகத்துக்கு ஒரு நூல் உயிர் மிச்சம். அது திருப்பி அடித்தது. பல்லி விழுந்துவிட்டது.

திரை கறுத்தது. அவள் முகத்தைப் பார்க்கத் தைரியம் இல்லை.

"ஆட்டத்த நல்லா செஞ்சிருக்கடா," என்றாள். பிரஷர் சரியாக இருக்கிறதாம். மறுபடி முதலிலிருந்து தொடங்கி, முதல் மிருகம் எது என்று யோசித்துக்கொண்டிருக்கிறாள். காவலன் வரை வர, போன தடவை எட்டு மாதம் ஆனது.