டெய்சியை வலப்பக்கம் கட்டிய நாள்

இஞ்சாருங்கோ,

உங்களுடைய நீல ஜக்கெற்றைப் பல்கனிக் கம்பியில் தொங்கவிட்டிருக்கிறேன். இரண்டு நாளாகியும் குதிரை மணம் போகவில்லை. வியர்வை, தோல் வாருக்குப் பூசுகிற எண்ணெய், ஈர வைக்கோல், எல்லாம் கலந்த மணம். ஞாயிற்றுக்கிழமை அதைப் போட்டபடி லிஃப்றில் ஏறினபோது பதினோராம் மாடி மனுசி மூக்கைச் சுளித்தாள். முன்பு நீங்கள் வேலையால் வரும்போதும் அப்படித்தான் சுளிப்பாள். நீங்கள் "சொறி மடம்" என்று மன்னிப்புக் கேட்டு மூலைக்குள் ஒடுங்கி நிற்பீர்கள். நான் ஒடுங்கவில்லை. நடுவில் நின்று மேலே வந்தேன்.

நான் ஐந்தாம் வகுப்போடு நின்றவள். கடிதம் எழுதிப் பழக்கமில்லை. ஆனாலும் நடந்ததை முதலில் உங்களுக்குத்தான் சொல்ல வேண்டும். உங்கள் முதலாளியை இந்த வருசம் நான் ஊர்வலத்தில் போகவிடவில்லை. நீங்கள் எப்படிச் செத்தீர்கள் என்பதை அவன் வாயாலேயே சொல்ல வைத்தேன். அவன் என்றுதான் எழுதுகிறேன். அவர் என்று எழுத இனி என் கை வராது.

பிறம்ரனில் நீங்கள் வேலை செய்த வெயார்ஹவுஸை மூடின வருசம்தான் அவன் உங்களைத் தன் பாமுக்கு, அந்தக் குதிரைப் பண்ணைக்கு, கூப்பிட்டான். கலியாணங்களுக்குக் குதிரை வண்டி வாடகைக்கு விடுகிற ஆள். எங்கட ஆள் ஒருவன் நகரத்துக்கு வடக்கே இவ்வளவு பெரிய பாம் வைத்திருக்கிறானே என்று நாங்கள் இரண்டு பேரும் பெருமைப்பட்டோம். ஊரில் நீங்கள் பஸ் கொண்டக்ரர். குதிரையைத் தொட்டும் பார்த்ததில்லை. முதல் நாள் வேலை முடிந்து வந்து, சப்பாத்தும் கழற்றாமல் வாசலில் நின்று கையை உயர்த்திக் காட்டினீர்கள்.

"இஞ்சேரும், அது குதிரை இல்லை, டபிள் டெக்கர் பஸ். நான் அதின்ரை தோளுக்கும் காணாது."

பாரம் இழுக்கவென்றே வளர்க்கிற இனம். முழங்காலுக்குக் கீழே பாவாடை கட்டினதுபோல வெள்ளை மயிர். ஆண் குதிரை டியூக், பெண் குதிரை டெய்சி. மூன்று மாதத்தில் இரண்டும் உங்கள் கொண்டக்ரர் பாசையைப் படித்துவிட்டன. "றைற்" என்றால் நடக்கும். "ஹோல்டோன்" என்றால் நிற்கும். முதலாளி விழுந்து விழுந்து சிரிப்பான்.

"அண்ணை, குதிரையளுக்கு ரிக்கெற்றும் குடுக்கிறியளோ?"

"டியூக்குக்கு மட்டுந்தான். டெய்சியிட்டைச் சீசன் ரிக்கெற் இருக்கு."

சனிக்கிழமைகளில் நானும் உங்களோடு வருவேன். டெய்சியின் பிடரி மயிரைப் பின்னிவிடுவது என் வேலை. மகளுக்குப் பின்னிப் பழகின கை. ஸ்ரூல் வைத்து ஏறி நின்று பின்னுவேன். அது அசையாமல் நிற்கும். அப்போதுதான் பக்கம் பார்த்துக் கட்டுகிறதைச் சொல்லித் தந்தீர்கள். டெய்சி எப்போதும் வண்டிக்கு இடப்பக்கம், டியூக் வலப்பக்கம். வருசக்கணக்காக அப்படியே பழகினவை. "மாத்திக் கட்டினால் ஒண்டு இழுக்க மற்றது தள்ளும். வண்டி நேராய்ப் போகாது. மறந்தும் மாத்திப்போடாதையும்" என்றீர்கள்.

நகரத்தின் நடுவே போகிற பெரிய நத்தார் ஊர்வலத்தில், அந்தக் கிறிஸ்மஸ் தாத்தா ஊர்வலத்தில், தன் வண்டியும் போக வேண்டுமென்பது அவனுடைய நெடுநாள் ஆசை. போன வருசம் இடம் கிடைத்தது. ஊர்வலத்தன்று காலையில் நாங்கள் போய்ச் சேரப் பிந்திவிட்டது. குதிரைகள் ஏறி வந்த றெயிலரைப் பக்கத்துத் தெருவில் நிறுத்தினோம். பின்னால் ஒரு பாண்ட் கோஷ்டி பெரிய மேளத்தை அடித்துப் பார்த்துக்கொண்டு நின்றது. டியூக்கின் காது பின்னுக்குப் போய்விட்டது. நீங்கள் உள்ளே நின்றபடி சொன்னீர்கள்: "கொஞ்சம் பொறுங்கோ. உந்த மேளக்காரர் போகட்டும்."

"அண்ணை, எங்கட நம்பரைக் கூப்பிட்டாச்சு. இறக்குங்கோ! இறக்குங்கோ எண்டுறன்!"

சொல்லிக்கொண்டு அவன் றெயிலரின் தகரத்தில் உள்ளங்கையால் இரண்டு தரம் அறைந்தான். டியூக் வெருண்டு திரும்பியது. அதற்கும் இரும்புத் தடுப்புக்கும் நடுவில் நீங்கள். நீங்கள் கத்தவில்லை. மூச்சு வெளியே போன சத்தம்தான் எனக்குக் கேட்டது. குனிந்தபடி இறங்கி வந்து "ஒண்டுமில்லை, ஒண்டுமில்லை" என்றீர்கள். பிறகு இரண்டையும் வண்டியில் பூட்டி, டெய்சியின் தலையருகே முழுத் தூரமும் நடந்தீர்கள். சனம் கை காட்டியது. நீங்களும் காட்டினீர்கள். நான் பிளாஸ்கைத் தூக்கிக்கொண்டு நடைபாதையால் வந்தேன். முடிவில் தேத்தண்ணி ஊற்றித் தந்தேன். வேண்டாம் என்றீர்கள். தேத்தண்ணி வேண்டாமென்று நீங்கள் சொல்லி நான் கேட்டதே இல்லை.

ஆஸ்பத்திரிக்கு அவன்தான் காரில் கொண்டுபோனான். வழியில் கண்ணாடியில் என்னைப் பார்த்துச் சொன்னான்.

"அக்கா, வீட்டுப் படியிலை விழுந்ததெண்டு சொல்லுங்கோ. குதிரை எண்டால் கேள்வி மேல கேள்வி வரும். பிறகு அடுத்த வருசம் எங்களை ஊர்வலத்தில விடமாட்டாங்கள். எங்கட சனத்துக்கே ஒரு பெருமை, பழுதாக்கக் கூடாது."

நேர்ஸ் கேட்டபோது நான்தான் சொன்னேன். "ஸ்ரெயர்ஸ்." எத்தனை படி என்று கேட்டாள். நாங்கள் இருப்பது சென் ஜேம்ஸ் ரவுணில் பதினாலாம் மாடி. வீட்டுக்குள் படியே கிடையாது. நான் நாலு விரலைக் காட்டினேன். விலா எலும்பைப் பார்த்தார்கள், நோவுக்குக் குளிசை தந்தார்கள், வீட்டுக்கு விட்டார்கள். மூன்றாம் நாள் விடியக் குசினியில் விழுந்தீர்கள். உள்ளே இரத்தம் கசிந்துகொண்டே இருந்ததாம். பாரமான மிருகம் நெரித்ததென்று தெரிந்திருந்தால் அன்றைக்கே வயிற்றையும் படம் எடுத்திருப்போம் என்று டொக்ரர் பிறகு மகளிடம் சொன்னார்.

செத்த வீட்டுக்கு எல்லாரையும்விடப் பெரிய மலர் வளையம் அவனுடையது. மைக்கைப் பிடித்து, "அண்ணை படியிலை விழுந்து இப்பிடிப் போவார் எண்டு ஆர் கண்டது" என்று சொல்லிக் கண்ணைத் துடைத்தான். உங்கள் தலைமாட்டில் நின்று சொன்னான். அன்றைக்கே நினைத்தேன், உனக்கு ஒரு நாள் வரும் என்று.

அந்த நாளை அவனே கொண்டுவந்து தந்தான். போன மாதம் போன் எடுத்தான். டெய்சி ஒருவரையும் கிட்ட விடுகிறதில்லையாம். கழுத்துப் பட்டையைக் கண்டாலே பல்லைக் காட்டுகிறதாம்.

"அக்கா, நீங்கள் வந்தாத்தான் அது நிக்கும். உங்களுக்குக் கஷ்டம் எண்டு தெரியும். அண்ணையின்ரை ஞாபகமாய் எண்டாலும் வாங்கோவன்."

"வாறன் தம்பி," என்றேன்.

என்ன செய்யப் போகிறேன் என்று அப்போதே தெரியும். பக்கம் மாற்றிக் கட்டுவேன். ரீவிக்காரர் நிற்கிற இடத்தில், முழு நகரமும் பார்த்திருக்க, அவனுடைய வண்டி கோணிக்கொண்டு நிற்க வேண்டும். பெயர்ப்பலகையோடு சனத்தின் சிரிப்புக்கு நடுவில் அவன் இருக்க வேண்டும். சமைக்கும்போதும் அதுதான் நினைவு. கும்பிடும்போதும் அதுதான்.

ஞாயிறு காலையில் உங்கள் ஜக்கெற்றோடு, போன வருசம் றெயிலர் நின்ற அதே தெருவுக்குப் போனேன். டெய்சி என் கழுத்துக்குள் முகத்தை வைத்து மணந்தது. மணந்தது என்னையில்லை, ஜக்கெற்றை. எனக்கு அழுகை வரவில்லை. வேலை இருந்தது. டெய்சியை வலப்பக்கம் நிறுத்தினேன். டியூக்கை இடப்பக்கம். கழுத்துப் பட்டை போட்டேன், கடிவாளம் போட்டேன். வண்டியோடு சேர்க்கிற இழுவைச் சங்கிலி மட்டும் மிச்சம்.

அவன் சிவப்புக் கோட்டும் உயரத் தொப்பியுமாக வந்தான். குதிரைகளைச் சுற்றி நடந்தான். டெய்சியின் முதுகில் தட்டி, "டியூக் நல்லாய் நிக்கிறான் என்ன" என்றான்.

கேட்டீர்களா? அவனுக்குத் தெரியவில்லை. எது ஆண், எது பெண் என்றும் தெரியாது. எந்தக் குதிரையால் நீங்கள் செத்தீர்களோ அந்தக் குதிரையின் முகத்தை அவன் ஒருநாளும் பார்த்ததில்லை.

அந்த நேரம் ஒரு வான் வந்து நின்றது. டான்ஸ் பள்ளிப் பிள்ளைகள் எட்டுப் பேர், தேவதைகள்போல முதுகில் வெள்ளைச் செட்டையோடு இறங்கினார்கள். வண்டியில் ஏற்றப் போகிறானாம். எனக்குச் சொல்லவே இல்லை. நான் சங்கிலியைக் கீழே விட்டேன். உங்களுக்குப் பொய் சொல்ல மாட்டேன், அந்தப் பிள்ளைகள் இல்லையென்றால் பூட்டி விட்டிருப்பேன். மனம் இளகி நிறுத்தவில்லை. பாவம் அவனுக்குப் போக வேண்டியது. என்னிடம் வரக்கூடாது.

"பிள்ளையளை ஏத்தாதையுங்கோ," என்றேன். "குதிரையளைப் பக்கம் மாத்திக் கட்டியிருக்கிறன். இந்த வலக்கைப் பக்கம் நிக்கிறது டெய்சி."

"என்ன அக்கா சொல்லுறியள்? பிழையாய்க் கட்டிட்டியளோ? கெதியா மாத்துங்கோ, நம்பர் கூப்பிடப் போறாங்கள்."

"பிழையாய்க் கட்டேல்லை. வேணுமெண்டுதான் கட்டினனான். மாத்தமாட்டன். முதல்ல சொல்லுங்கோ, என்ரை மனுசன் எப்பிடிச் செத்தவர்?"

அவன் மனைவி பக்கத்தில் பட்டுச் சேலைக்கு மேல் கோட் போட்டபடி நின்றாள். பிள்ளைகளோடு வந்த தாய்மார் நாலைந்து பேர் திரும்பிப் பார்த்தார்கள்.

"அக்கா, இப்ப உது கதைக்கிற நேரமே?"

"போன வருசம் றெயிலருக்கை அவர் பொறுங்கோ எண்டு சொல்லேக்கையும் உங்களுக்கு நேரமில்லை. ஆறுதலாய்ச் சொல்லுங்கோ. நான் நிக்கிறன்."

அவன் கீழே குனிந்து தானே சங்கிலியை எடுக்கப் பார்த்தான். டெய்சி பின்னங்காலைத் தூக்கிக் காட்டியது. தொப்பி விழ விழப் பின்னுக்குப் பாய்ந்தான். ஊர்வலக்காரப் பெண் ஒருத்தி மஞ்சள் மேலங்கியோடு, கையில் வோக்கிரோக்கியோடு வந்து கொண்டிருந்தாள். அவளைக் கண்டதும் அவன் குரலைத் தாழ்த்தினான்.

"குதிரை நெரிச்சது. சரியே? இப்ப மாத்துங்கோ."

"பெலத்துச் சொல்லுங்கோ. செத்த வீட்டில மைக் பிடிச்சனீங்கள்தானே."

"குதிரை நெரிச்சது!"

"படி எண்டு சொல்லச் சொன்னது ஆர்?"

அவன் குனிந்து தொப்பியைப் பொறுக்கினான். அவன் மனைவிதான் கேட்டாள். "என்னட்டையும் படி எண்டுதானே சொன்னனீங்கள்? அந்த அண்ணை எங்கட வீட்டு மேசையில இருந்து சாப்பிட்ட மனுசனப்பா."

"நான்தான் சொன்னனான்," என்றான். "நான்தான். காணுமே?"

காணாது, எனக்கு அது போதாது. மஞ்சள் மேலங்கிப் பெண் எல்லாம் சரியா என்று இங்கிலிஷில் கேட்டாள். அவன் ஓடிப்போய்ப் பல்லைக் காட்டி, ஓல் குட், ஓல் குட் என்றான். ஆஸ்பத்திரியில் ஒரு சொல் சொன்ன அதே வாயால் நான் சொன்னேன்: "ஹோர்ஸ் கில் மை ஹஸ்பண்ட். லாஸ்ற் இயர். ஹியர். ஹி ரெல் மி, சே ஸ்ரெயர்ஸ்."

அந்தப் பெண் என்னைப் பார்த்தாள், அவனைப் பார்த்தாள், குதிரைகளைப் பார்த்தாள். பிறகு வோக்கியை வாயருகே கொண்டுபோனாள். அவனுடைய நம்பரை வரிசையிலிருந்து எடுத்துவிட்டார்கள்.

தெரு திறக்கும்வரை இரண்டு மணி நேரம் அங்கேயே நிற்க வேண்டியிருந்தது. ஊர்வலம் அடுத்த தெருவால் போகிற சத்தம் முழுக்கக் கேட்டது. அவன் சிவப்புக் கோட்டோடு ட்ரக்குக்குள் கண்ணாடியை ஏற்றிவிட்டு இருந்தான். அவன் மனைவி உள்ளே ஏறவில்லை. வெளியே குளிரில் நின்றாள். நான் குதிரைகளுக்குப் போர்வை போட்டேன். ஒவ்வொரு பாண்ட் கோஷ்டியும் போகும்போது அவன் பக்கம் திரும்பிப் பார்த்தேன். கேட்கட்டும், நல்லாகக் கேட்கட்டும் என்று பார்த்தேன். உங்கள் மேல் சத்தியமாக, எனக்கு அது இனித்தது.

நாளைக்கு மகள் வந்து எல்லாவற்றையும் இங்கிலிஷில் எழுதுவாள். நான் கையெழுத்து வைப்பேன். வேலையிடத்தில் செத்தவர்களைப் பற்றி விசாரிக்கிற கந்தோருக்கு அது போகும். ஆஸ்பத்திரியில் நான் சொன்ன பொய்யும் அதில் இருக்கும். மறைக்க வேண்டாமென்று சொல்லிவிட்டேன். நேற்றுப் போனில் மகள் கேட்டாள்: "அம்மா, ஆர் யூ ஓகே நௌ? மனம் ஆறிட்டுதா?" இல்லை என்றேன். அவனை நினைத்துச் சொல்கிறேனென்று நினைத்தாள்.

ஒன்றை மேலே எழுதாமல் விட்டேன். அதை மகளுக்கும் சொல்லவில்லை, கந்தோருக்கும் சொல்ல மாட்டேன். நான் நாலு விரலைக் காட்டினபோது அந்த நேர்ஸ் நம்பாமல் உங்கள் பக்கம் திரும்பினாள். உங்களுக்கு என்னைவிட நல்ல இங்கிலிஷ் தெரியும். ஹோர்ஸ் என்ற சொல்லை ஒரு நாளைக்கு நூறு தரம் சொன்ன மனுசன். நீங்கள் அவளைப் பார்த்துச் சிரித்தீர்கள். சிரித்துத் தலையாட்டினீர்கள். அவனுடைய ஊர்வலம் பழுதாகக் கூடாதென்று ஆட்டினீர்களா, என் சொல்லைப் பொய்யாக்கக் கூடாதென்று ஆட்டினீர்களா?

அவனை நடுத்தெருவில் மறித்துக் கேட்டுவிட்டேன். உங்களை நான் எந்தத் தெருவில் மறிப்பேன்?