முதல் தாளில் பிள்ளைகள், கடைசித் தாளில் நான்

1988 அக்டோபர், செவ்வாய்க்கிழமை

மாமோய், இன்றைக்கு என்னையும் பிள்ளைகளையும் கம்ப்யூட்டர் இரண்டு குடும்பமாகப் பிரித்துவிட்டது.

தோட்டத்து ஆபீசில் வேலையாட்களுக்குக் கொடுக்கும் வீடுகளின் புது லிஸ்டை ஒட்டியிருந்தார்கள். ஆறுமுகம் என்று உன் பேரைப் போட்டு, அதற்குக் கீழே செல்வியும் குமாரும் முதல் தாளில் இருந்தார்கள். நான் கடைசித் தாளில், என் அப்பா வேலு பேருக்குக் கீழே தனியாக இருந்தேன்.

கணக்கெழுதும் கிராணித் தம்பியிடம் கேட்டேன்.

"புருஷன் இல்லாதவங்களுக்கு ஐசி கார்டுல உள்ள அப்பா பேரப் போட்டோம்க்கா. புள்ளைங்களுக்கும் அவங்கப்பா பேருதான். தலைவர் பேர வச்சுத்தான் அது குடும்பம் சேர்க்குது. அப்புறம் எழுத்து வரிசையில அடுக்குது."

"நாங்க மூணு பேரும் ஒரே வீட்டுலதானய்யா இருக்கோம்?"

"எனக்குத் தெரியும்லா. மிஷினுக்குத் தெரியலையே."

பின்னால் நின்ற, எங்களை வேலை வாங்கும் மண்டோர், "அப்பன் பேச்சை மீறி ஆறுமுகத்துகூட ஓடி வந்தியே புள்ள, இப்ப உங்கப்பன் உன்னைத் திரும்பக் கூட்டிக்கிட்டாரு பாரு!" என்றார். எல்லாரும் சிரித்தார்கள்.

உன் பேருக்குக் கீழே தோட்டத்தில் வேலை செய்கிறவர் யாரும் இல்லையாம். அதனால் மாதக் கடைசியில் நாங்கள் இருக்கும் லயத்து வீட்டை எடுத்துக்கொள்வார்களாம். எனக்கு மட்டும் ஒண்டிப் பெண்களோடு ஓர் அறையாம். பிள்ளைகளிடம் இன்னும் சொல்லவில்லை.

மூன்று பேரையும் உன் பேருக்குக் கீழேயே சேர்க்கச் சொன்னேன்; செத்தவரைத் தலைவராகப் போட மேலே விடமாட்டார்களாம். என்னையே தலைவியாகப் போட்டு, பிள்ளைகளை எனக்குக் கீழே மாற்றினால் வீடு தங்கும், நாளைக்கு வந்து கையெழுத்துப் போடுங்கள் என்று தம்பி சொன்னான். போட்டால் உன் பேர் அந்த லிஸ்டில் எங்கேயும் இருக்காது.

செல்வி தூக்கத்தில் புரள்கிறாள். போட்டுவிடட்டுமா மாமா?