மதினி கண்ட கடைசிக் கனவு

மதினி, உங்கள் பதினாறாம் நாள் விசேஷத்தில், இலையில் பாயசம் விழுவதற்குள், உங்கள் தம்பி என் காதருகே குனிந்து, "யக்கா, ஆஸ்பத்திரியில அக்கா கடைசியா என்ன கனவு சொன்னா? நம்பர் போடணும்" என்று கேட்டான். இது தப்பு. அவன் முகத்துக்கு நேரே சொன்னேன், உங்களுக்கும் எழுதிவிடுகிறேன்.

இன்று காலை இட்லிக் கொப்பரையைத் திறந்தேன். ஆவி முகத்தில் அடித்ததும், பக்கத்து அடுப்பிலிருந்து நீங்கள், "ஏட்டி, இன்னைக்கு என்ன கண்டேன் தெரியுமா?" என்று கேட்பதுபோல் இருந்தது. "சொல்லுங்க" என்று சத்தமாகவே சொல்லிவிட்டேன்.

தாராவியில் நம் சந்துக்காரர்கள் எந்தக் கனவையும் சும்மா விட்டதில்லை. பாம்புக்கு ஒரு நம்பர், கல்யாணத்துக்கு ஒரு நம்பர், செத்தவர் வந்து தண்ணீர் கேட்டால் அதற்கும் ஒரு நம்பர். காலையில் மட்கா சூதாட்டத்துக்கு நம்பர் எழுதுகிற மட்காக்காரன் வந்து பணத்தை வாங்கிப்போவான். நீங்கள் ஒருமுறை அரிசிக் காசை யானைக் கனவின் மேல் கட்டிவிட்டு, வெறும் உளுந்தை ஊறப்போட்டீர்கள். மறுநாள் மாட்டுங்கா ஸ்டேஷன் வாசலில் இட்லி விற்கிற நீங்கள் வடையோடு நின்றீர்கள். "என்னம்மா, இன்னிக்கு இட்லியில ஓட்டை போட்டு எடுத்துண்டு வந்துட்டேளா?" என்றார் ஆபீஸ் போகிற ஒருவர். நீங்கள் சிரித்த சிரிப்பிலேயே வடை தீர்ந்துபோயிற்று. வீட்டுக்கு வந்துதான் அழுதீர்கள்.

அன்றைக்குத்தான் சொன்னீர்கள்: "கனவு வயித்துக்குள்ள கெடந்தாத்தான் நம்பராவுது. ஒங்கிட்ட சொல்லிட்டா வெறும் கனவு." அதன்பின் விடிந்ததும் உங்கள் கனவு என்னிடம் வந்துவிடும். நானும் விடமாட்டேன்.

"யானை சேலை கட்டியிருந்துச்சா மதினி? முந்தானை எந்தப் பக்கம்?"

"சீ, போடி கழுத!"

நாம் சிரித்து முடிப்பதற்குள் மட்காக்காரன் சந்துமுனையைத் தாண்டியிருப்பான். கடைசிவரை நீங்கள் அவனைக் கூப்பிடவில்லை.

உங்கள் தம்பிக்கு எவனும் வரவே வேண்டாம். ஆட்டம் போனுக்குள்ளேயே இருக்கிறது. செம்பூர் ரிக்‌ஷா ஸ்டாண்டில் சவாரி வந்து நின்றாலும் தலை நிமிர்வதில்லை. தவணை நின்றுபோனதால் ரிக்‌ஷாவைத் தூக்கிக்கொண்டு போய்விடுவார்கள் என்று அவன் பெண்டாட்டி என் அடுப்படியில் வந்து நிற்கிறாள். அவனோ, "சாவப்போறவ கனவு தப்பாதுக்கா. ஒரே ஒரு தடவை" என்கிறான்.

"நம்பரா ஆயிடக்கூடாதுன்னுதாம்ல உங்க அக்கா அதை எங்கிட்ட சொன்னா" என்றேன்.

ஆகவே, அவன் நாளை முதல் விடிகாலையில் என் அடுப்படிக்கு வந்து தன் கனவைச் சொல்ல வேண்டும். சொன்ன பிறகுதான் அவன் பெண்டாட்டி ரிக்‌ஷா சாவியைக் கொடுக்க வேண்டும். ஆட்டப் போன் அவளிடமே இருக்க வேண்டும். பேசுவதற்கு என் பழைய பட்டன் போன் போதும். இதை அவனிடம் சொன்னேன். வரமாட்டேன் என்று சொல்லவில்லை. "சட்னி உண்டா?" என்று கேட்டான். பாதி ஜெயித்தாயிற்று மதினி.

சந்துக்காரர்கள் இனி சாவு விழுந்த துட்டி வீட்டில் நம்பர் பேசக் கூடாது. என் பங்குக்கு நான் வாயை மூடிக்கொள்ள வேண்டும். கனவு நன்றாக நினைவிருக்கிறது: ஸ்டேஷன் படிக்கட்டில் சம்மணம் போட்டு உட்கார்ந்து, விற்க வேண்டிய இட்லியை நீங்களே தின்றுகொண்டிருந்தீர்கள். எத்தனை இட்லி என்பதை மட்டும் சாகும்வரை சொல்லமாட்டேன்.