எழுந்து நின்ற வருகைப்பதிவு

மஸ்கட்

அன்புள்ள அப்பாவுக்கு,

ரோகிணி வணக்கம் சொல்லி எழுதுகிறேன். முழங்கால் வலி குறைந்ததா? வாடிப்பட்டியில் மழை உண்டா? நான் நலம்.

மதுரை சமுதாயக் கல்லூரி ஒன்றில் இணையவழியாகப் படிக்கிறேன் அல்லவா? நேற்று வருகைப்பதிவில் பெயரைக் கூப்பிட்டதும், பழக்கத்தில் எழுந்து நின்று, "உள்ளேன் ஐயா" என்றேன். கேமராவில் சேலைக் கொசுவம் மட்டும் தெரிந்ததாம்.

"அக்கா, மொதல்ல உக்காருங்க. மூஞ்சியே தெரியல, எப்படி பிரசன்ட் போட?" என்றார் என் தம்பி வயது ஆசிரியர். எல்லோரும் சிரித்தோம். பிறகு போட்டுவிட்டார், கவலைப்படாதீர்கள்.

வருகை குறைந்தால் தேர்வு எழுத முடியாது. மதுரையில் நேரில் எழுதும் அந்தத் தேர்வுக்காகத்தான் எனக்கு இங்கே வேலையிடத்தில் இந்த வருடம் விடுப்பே தருகிறார்கள்.

கேமராவில் என் பின்சுவர் வெறுமையாகத் தெரிகிறது. நம் வீட்டுத் தினக்காலண்டரை அனுப்புங்கள். நீங்கள் பாதி கிழித்ததே போதும்.

இன்றைய வகுப்பு தொடங்கிவிட்டது, பெயர் கூப்பிடுகிறார்கள். உட்கார்ந்தே இருக்கிறேன், அப்பா.

உங்கள்
ரோகிணி