இரண்டு இடது கைகள்

அன்புத் தம்பிக்கு,

அக்கா எழுதுவது. போனில் ஆரம்பித்தால் நீ பேச்சை மாற்றிவிடுவாய். கடிதத்தில் அந்த ஜம்பம் பலிக்காது. உன் மாமாவுக்கு இருமல் விட்டுவிட்டது.

போன மாதம் தையல் கடையில் ஒரு கூத்து. துணியைச் சரியாக மடிக்காமல் வெட்டியதில், ஒரு கோட்டுக்கு இரண்டு கைகளும் இடது கையாகவே வந்துவிட்டன. "ரெண்டு பக்கமும் இடது கை இருக்கிற ஆளை எங்கே பிடிச்சே?" என்று முதலாளியம்மா சிரித்தார். நானும் சிரித்துவிட்டு, கழிவறையில் தாழ் போட்டுக்கொண்டு என் விரல்கள் ஆடுகின்றனவா என்று விரித்துப் பார்த்தேன். அப்பாவுக்கும் முதலில் வேலையில்தானே தப்பு வந்தது. விரல் ஆட்டமும் அந்தக் கோபமும் பிறகுதானே.

நரம்பு டாக்டரிடம் போனேன். பொறுமையாகச் சொன்னார். அப்பாவுடைய நோய் பிள்ளைகளில் ஒவ்வொருவருக்கும் வரப் பாதிக்குப் பாதி வாய்ப்பாம். மூளையில் காவலுக்கென்றே சில செல்கள் இருக்கின்றனவாம். பரம்பரைக் கோளாறைக் கண்டு அவை மிரண்டு அழற்சியை உண்டாக்க, அது நல்ல செல்களையும் அரிக்கிறதாம். "கை ஆடுறதுக்குப் பல வருஷம் முன்னாடியே இது தொடங்கிடலாம்மா" என்றார். நோயை நிறுத்த மருந்து இல்லை. அழற்சியைத் தணிக்குமா என்று சில மருந்துகளைச் சோதித்துப் பார்க்கிறார்களாம். நோயின் ஆரம்பத்திலேயே வருகிறவர்களைத்தான் அந்தச் சோதனையில் சேர்ப்பார்களாம். குணமாகும் என்று அவர் வாக்குக் கொடுக்கவில்லை.

பரிசோதனைக்கு ரத்தம் கொடுத்தேன். எனக்கு அந்த நோய் இல்லை. அந்தக் கோட்டு விஷயம் வெறும் கவனப்பிசகுதான். உன் மாமா சந்தோஷத்தில் அழுதார். எனக்குச் சோறு இறங்கவில்லை. எனக்கு இல்லை என்பதால் உனக்கு எதுவும் கூடுவதோ குறைவதோ இல்லையாம். ஆளாளுக்குத் தனிக் கணக்காம்.

தம்பி, கையை வீசாமல் உனக்குப் பேசவே வராது. கடைசி இரண்டு முறை வீடியோவில் பேசியபோதும் உன் வலது கை மேசைக்கு மேலே வரவே இல்லை. உன் மனைவி நீட்டிய டம்ளரைக்கூட இடது கையால் வாங்கினாய். அப்பா கையைத் தொடைக்கடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்ததும், நாம் அதை விளையாட்டு என்று நினைத்ததும் உனக்கு ஞாபகம் இருக்கும். நீ மாடி மாடியாகத் தொங்கிக் கண்ணாடி பொருத்துகிறவன். எனக்குப் பயமாக இருக்கிறது.

நான் நினைப்பது தப்பாகவே இருக்கட்டும். வந்து என்னை நன்றாகத் திட்டு. சோதித்துப் பார்ப்பதும் விடுவதும் உன் இஷ்டம். ஆனால் அதுவரை உயரத்தில் ஏறாதே.

அடுத்த முறை கூப்பிடும்போது இரண்டு கைகளையும் மேசைமேல் வை. ஆடினாலும் பரவாயில்லை, எனக்குக் காட்டு.

நீ நன்றாயிருக்க வேண்டும் என்பதைத் தவிர வேறொன்றும் வேண்டாத,
உன் அக்கா