டயரின் மீசை

மார்ச் 4
ஆஸ்பத்திரிக்குப் போகிற வழியில் காரின் முன் டயர் பஞ்சர். ஸ்டெப்னியிலும் காற்று இல்லை. வண்டியை எடுக்கும்முன் நாலு டயரையும் காலால் தட்டிப் பார்க்கிற என் வீட்டுக்காரர், பஸ் ஓட்டியே ரிட்டையர் ஆனவர் - ஸ்டெப்னியை எப்போது கைவிட்டார்? அவருக்கு இன்றைய டயாலிசிஸ் போச்சு. நர்ஸ் போன் செய்தாள். "வண்டி ரிப்பேரா?" ஆமாம் என்றேன்.

மார்ச் 5
டயர் கடைக்காரர் உதட்டைப் பிதுக்கினார். "பக்கவாட்டுல கிழிஞ்சிருக்கும்மா. ஒட்டித் தரேன், ஆனா நான் பொறுப்பில்ல. புதுசு போட்டுடுங்க."

வீட்டில் சொன்னேன். சுவரைப் பார்த்துப் படுத்தபடியே, "ஒட்டியே ஓட்டு. இனிமே எத்தனை தடவை போகப் போறேன்? ஊசியும் வாந்தியும்... போதும்னு இருக்கு" என்றார்.

நிறுத்தினால் என்ன ஆகும் என்று அவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும். சமையலறையில் குழாயைத் திறந்துவிட்டு அழுதேன்.

மார்ச் 6
புது டயரே போட்டுவிட்டேன். அவரிடம், ஒட்டியாச்சு என்றேன். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்தேன், அதுவும் ஒரு டிரைவரிடம்.

குனிந்து தடவிப் பார்த்தார். "ஒட்டுப் போட்ட டயருக்கு மீசை முளைச்சிருக்கே."

புது டயரில் முடி முடியாக ரப்பர் நீட்டிக்கொண்டிருக்குமாம். ஓட ஓடத் தேய்ந்துவிடுமாம். எனக்கு எங்கே தெரியும் இதெல்லாம்?

ரொம்ப நாள் கழித்துச் சிரித்தார். பிறகு, "சரி, இந்த மீசை தேயற வரைக்கும் வரேன். அதுக்கப்புறம் என்னை வற்புறுத்தக் கூடாது" என்றார். சரி என்றேன். அப்போது எதற்கும் சரி என்றிருப்பேன்.

மார்ச் 20
கடைக்கெல்லாம் நடந்தே போகிறேன். ஆஸ்பத்திரிக்கு மட்டும்தான் வண்டி, அதுவும் ஊர்ந்துகொண்டு. "இப்படி ஓட்டினா சைக்கிள்காரன்கூட நம்மள முந்திடுவான்" என்கிறார். முந்தட்டுமே.

ஏப்ரல் 11
தேய்ந்துவிட்டது. தரையில் படுகிற இடமெல்லாம் மொழுமொழுவென்று இருக்கிறது. சொல்லவில்லை.

ஏப்ரல் 13
இன்று அவர் டயர் பக்கமே திரும்பவில்லை. ஒன்றையும் தட்டிப் பார்க்காமல் நேராக ஏறி உட்கார்ந்துவிட்டார். கல்யாணம் ஆன நாளிலிருந்து இப்படிப் பார்த்ததே இல்லை.

அப்படியானால் தெரிந்திருக்கிறது. கேட்கலாமா? வேண்டாம், வாயைத் திறந்தால் போச்சு.

மே 2
பாதியிலேயே பிரஷர் இறங்கி மயக்கம். கையில் ஊசி குத்த இடமில்லை, முழங்கை வரை நீலம் பாரித்திருக்கிறது. வண்டியிலிருந்து இறக்க எதிர்வீட்டுக்காரரைக் கூப்பிட வேண்டியதாயிற்று. தன்னை இன்னொருவர் தூக்குவதை அவரால் தாங்க முடியவில்லை, கண்ணை மூடிக்கொண்டார்.

மே 5
வந்தார். என் முகத்துக்காகத்தான் வருகிறார். இது தெரிந்தும் கூட்டிப் போகிறேனே, நான் என்ன பொம்பளை?

மே 19
காலையில் சட்டை போட்டுக் கிளம்பினார். கதவைத் திறந்து பிடித்துக்கொண்டு நின்றேன். அவர் பானெட்டில் ஒரு கையை ஊன்றிக் குனிந்து, டயர்மேல் உள்ளங்கையை வைத்தார். எடுக்கவே இல்லை.

"தேஞ்சு ரொம்ப நாளாச்சு, இல்ல?"

"ஆமாங்க."

"நீ நல்லாத்தான் ஓட்டின. போதும்மா."

கத்த வேண்டும்போல இருந்தது. புதுசா இன்னொண்ணு போடறேன், நாலையும் மாத்தறேன், ஏறுங்கன்னு... சொல்லவில்லை. வாக்குக் கொடுத்தவள் நான். கையைப் பிடித்து உள்ளே கூட்டிவந்து, சட்டையைக் கழற்றிவிட்டேன்.

மே 21
நர்ஸ் போன் செய்தாள். "சார் ரெண்டு தடவையா வரலையேம்மா. வண்டி ரிப்பேரா?"

உள்ளே தூங்கிக்கொண்டிருந்தார். எழுப்பிவிடக் கூடாதே என்று வாசலுக்கு வந்து பேசினேன்.

"இல்லம்மா, வண்டி நல்லா இருக்கு" என்றேன்.