ராசிபுரத்தில் குரியேலாயிசோன்

ஜனவரி 12, 2025, ஞாயிறு

இன்று குர்பானா ஆராதனையில் இருந்தவர்கள்: சேலத்திலிருந்து மாதம் ஒருமுறை வரும் பாதிரியார் குரியாக்கோஸ் அச்சன், டீச்சர் அறிவுச்செல்வி, என் வீட்டுக்காரர் தங்கசாமி, மகள் பிரவீனா, நான். ராசிபுரத்து ஆர்த்தடாக்ஸ் சபை மொத்தமும் இதுதான்.

முடிந்ததும் அச்சன் தரையைப் பார்த்தபடி சொன்னார்: "ஈஸ்டர் கழிஞ்சா இந்தச் சேப்பலை மூடி, சேலத்தோட சேர்க்கலாம்னு ஆயர் திருமேனி நினைக்கிறார்." அச்சனுக்குக் காபி கொடுக்கவே மறந்துவிட்டேன்.

ஜனவரி 13

வீட்டுக்காரர்: "அஞ்சு பேருக்கு எதுக்கு புள்ள ஒரு கோயிலு? சேலத்துக்கே கூட்டிட்டுப் போறேன்." காலேஜ் பஸ் ஓட்டுகிறவருக்கு எல்லா ஊரும் பக்கம்தான்.

ஜனவரி 19

சபை வரலாற்றுப் புத்தகத்தை எடுத்து உட்கார்ந்தேன். நம் ஆராதனை முறை அந்தியோக்கியாவிலிருந்து வந்தது. கிறிஸ்தவர் என்ற பேரே அங்கேதான் முதலில் வழங்கியது. இன்று அங்கே விசுவாசிகள் ஒரு கைப்பிடி. கோயிலையும் நிலநடுக்கம் சாய்த்துவிட்டது. கான்ஸ்டான்டினோபிளில் உலகமே அண்ணாந்து பார்த்த கோயிலில் இப்போது குர்பானா இல்லை. எத்தியோப்பியாவிலோ வெள்ளைத்துணி போர்த்திக்கொண்டு விடிய விடிய நிற்கிறார்கள், கடலாக. ஆண்டவர் எங்கே விளக்கு அணைந்தால் எங்கே ஏற்றுவாரோ! வாசிக்க வாசிக்க மெய்சிலிர்க்கிறது. ஆனால் — அணைகிற ஊர் நம்முடையதாகவா இருக்க வேண்டும்?

பிப்ரவரி 3

வீட்டுக்காரர் சிரித்துக்கொண்டே வந்தார். "ஆப்பிரிக்காப் புள்ளைக அஞ்சு பேரு நம்ம பஸ்ல வருது. நம்மூராட்டமே கழுத்துல கறுப்பாத் திருஷ்டிக் கயிறு!"

"அதுல என்ன தொங்குது?"

"சிலுவையாட்டம் ஒண்ணு..."

ஐயோ, இந்த மனுஷன்! அது அவர்களுக்கு ஞானஸ்நானத்தில் கட்டுவது. எத்தியோப்பியப் பிள்ளைகள். நம்ம சபைதான் அதுவும்! நம்ம குர்பானாவுக்கு வருவார்களா என்று நாளைக்கே கேளுங்கள் என்றேன்.

பிப்ரவரி 9, ஞாயிறு

ஐந்து பேரும் வந்தார்கள். தமிழ் ஒன்றும் புரியாமல் ஓரமாக நின்றார்கள். ஆண்டவரே இரங்கும் என்று கிரேக்கத்தில் வேண்டுகிற இடத்தில் நாங்கள் "குரியேலாயிசோன்" என்றதும் ஹிருத் என்ற பெண் சட்டென்று நிமிர்ந்தாள். அடுத்த தடவை அவர்கள் குரலும் சேர்ந்துகொண்டது. உச்சரிப்பு அவர்கள் ஊருடையது, வார்த்தை அதே வார்த்தை. பிரவீனா அழுதுவிட்டாள். நானும்தான்.

மார்ச் 4

ஈஸ்டருக்கு முந்திய நோன்பு. அந்தப் பிள்ளைகள் நமக்கு முன்பே தொடங்கிவிட்டார்கள், பால், முட்டைகூடத் தொடுவதில்லை. கொள்ளும் களியும் செய்து அனுப்பினேன். எதிர்வீட்டு அங்காளம்மாள்: "ஏனுங்க, நாமக்கல் சீமைக்கு வந்து முட்டை வேண்டாங்குதே, என்ன புள்ளைகளோ சாமி!"

மார்ச் 10

அச்சனுக்கு அனுப்பியது:

"அச்சா, சேலத்துக் காலேஜ்களில் படிக்கிற ஹிருத்தின் ஊர்ச் சிநேகிதர்களும் ஈஸ்டருக்கு இங்கேயே வருகிறார்கள். சேப்பல் கொள்ளாது, பந்தல் சொல்லியிருக்கிறேன். சேலத்திலிருந்து அவர்களைக் கூட்டிவர பஸ் இவரே ஓட்டுகிறாராம். அன்றிரவு ஆராதனை எத்தனை மணிக்கு? சீக்கிரம் பதில் சொல்லுங்கள்."